பாண்டி பஸ் யாருக்குச் சொந்தம்?

மேடத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், போடுவதற்கு முன்னால் என்னைக் கேட்டீர்களா என்பார். கேட்டுவிடலாம் என்றால், அவர் மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார். போன் நம்பரும் மாறிவிட்டது. அதனால் மேடம் என்றே இருக்கட்டும். எங்கள் ஆபீஸில் வேறு மேடங்களும் உண்டு. ஆனால் ‘மேடம் வர்றாங்க’ என்று யாராவது மெல்லச் சொன்னதும் எல்லோரும் அவசரமாகக் கம்ப்யூட்டரில் எதையோ மூடினால், அது இவர் ஒருவருக்காகத்தான்.

மரக்காணத்தில் எங்களுடையது ஒரு சின்னப் பயிற்சி மையம். உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர்களுக்கு, அதிலும் முக்கியமாகப் பெண்களுக்கு, வெயிலிலிருந்தும் உப்பிலிருந்தும் உடம்பைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று வகுப்பு எடுப்போம். கண் கூச்சம், பாத வெடிப்பு, மயக்கம், நீர்க்கடுப்பு, இவைதான் எங்கள் பாடங்கள். நான் பேசுகிறவன். மேடம் வந்தது நாங்கள் காட்டுகிற படம், கொடுக்கிற நோட்டீஸ், போடப்போகிற புத்தகம் எல்லாவற்றையும் பார்த்து ஒழுங்கு செய்ய. அதற்கு முன் புதுச்சேரியில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தவர். சொந்த ஊர் அனுமந்தை.

வந்த முதல் நாளே, வகுப்பில் திரையில் காட்டுகிற என் பி.பி.டி.யைப் போட்டுக் காட்டச் சொன்னார். வெயில் மயக்கம் பற்றி நான் முதுகு வலிக்க உட்கார்ந்து செய்தது. எனக்கு அதில் பெருமை உண்டு. முதல் படத்தில் ஒருவர் வியர்வை வழிய நெற்றியைத் துடைத்துக்கொண்டிருப்பார். மேடம் மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இது யாருதுங்க சார்?"

"நெட்ல இருந்து எடுத்தது மேடம்."

"நெட்டா வரைஞ்சுது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சந்தையில் குவித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்காகக் கத்தரிக்காயை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவீர்களா, கடைக்காரர் யார் என்று பார்க்க மாட்டீர்களா என்று கேட்டார். அடுத்த படம் உப்பு சுமக்கிற ஒரு பெண். படத்தின் குறுக்கே அதை எடுத்தவரின் பெயர் சாய்வாக ஓடியிருந்தது. அதை மறைக்க நான் எங்கள் மையத்தின் லோகோவை ஒட்டியிருந்தேன். "லோகோவுக்கு அடியில யாரோ மூச்சுத் திணறிட்டு இருக்காங்க போலருக்கே சார்," என்றார். சாயங்காலத்துக்குள் என் பி.பி.டி.யில் மிஞ்சியது தலைப்பும் ‘நன்றி’யும்தான். நன்றிக்குப் பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ இருந்தது. அதுவும் போயிற்று.

எனக்குக் கோபம் வந்தது. நாம் என்ன விற்கிறோமா, ஏழைப் பெண்களுக்கு இலவசமாகத்தானே கொடுக்கிறோம் என்றேன். ஆபீஸ் முழுக்க என் கட்சி. மேடம் அசரவில்லை. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை இதுதான் என்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை பார்க்கிறவர், பாடல் குழுவில் வேறு இருக்கிறவர் வாயிலிருந்து பிள்ளையார் வந்ததே என்று நான் மடக்கினேன்.

"தேங்கா யாருதுங்கிறதுதான் சார் பேச்சு. சாமி யாருதுங்கிறது இல்ல," என்றார்.

எங்கள் அக்கவுண்டன்ட் நல்ல மனுஷன். சண்டை என்றால் சமாதானம் பேச வந்துவிடுவார். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ‘நன்றி: இணையம்’ என்று போட்டுவிட்டால் தீர்ந்தது என்றார். பக்கத்து வீட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து, அதன் கழுத்தில் அந்த வீட்டுக்காரர் பெயரை எழுதிக் கட்டிவிட்டால் அது திருட்டு இல்லையா என்று மேடம் கேட்டார். பெயர் போடுவது மரியாதை, அனுமதி கேட்பது வேறு, இரண்டும் வேண்டும் என்றார். சில பேர் தாராளமாக ‘எடுத்துக்கொள்’ என்று படத்தோடேயே எழுதி வைத்திருப்பார்களாம். அப்போதும் எழுதியிருப்பதை முழுசாகப் படித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டுமாம். அக்கவுண்டன்ட் அதன் பிறகு சமாதானம் பேச வரவில்லை.

அப்படியானால் வெயிலில் தண்ணீர் குடி என்றுகூட நான் சொல்லக் கூடாதே, அதையும் எவரோ எழுதி வைத்திருப்பாரே என்று ஒருநாள் கத்திவிட்டேன். அதற்கு அவர் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

"தண்ணி குடிக்கணும்ங்கிற விஷயம் யாருக்கும் சொந்தமில்ல சார். அதை ஒருத்தர் ஒக்காந்து எழுதுன விதம், வரைஞ்ச விதம் இருக்குது பாருங்க, அதான் அவருது. விஷயத்தை எடுத்துக்கங்க. சொல்றத நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத்தான் வாய் இருக்குதே."

கடைசி வாக்கியத்தைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் சந்தேகம் வந்தது.

ஆபீஸோடு நின்றால் பரவாயில்லை. சோற்று டப்பாவைத் திறந்தாலும் அதே கேள்விதான். ஒருநாள் நான் கொண்டுபோன நெத்திலிக் குழம்பை ருசி பார்த்துவிட்டு, பிரமாதமாக இருக்கிறது, யாருது என்றார். எங்கள் வீட்டுது என்றேன். வீடா வைத்தது என்றார். என் மனைவி வைத்தது, பக்குவம் எக்கியார்குப்பத்தில் இருக்கிற அவள் சித்தி சொல்லிக் கொடுத்தது என்று முழு வரலாற்றையும் ஒப்பித்த பிறகுதான் இரண்டாவது கரண்டி போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டில் எல்லோரும் டப்பாவைத் திறக்கும்போதே வாக்குமூலம் கொடுக்க ஆரம்பித்தோம். "புளி அம்மாவுது, மிளகாத்தூள் கடையுது, கருக்குனது மட்டும் என்னுது," என்பார் அக்கவுண்டன்ட்.

இந்தப் புத்தி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சின்ன வயதில் அவர் வரைந்த படத்தை யாரோ தன் பெயரில் போட்டுக்கொண்டார்கள் என்றது ஒரு கதை. அச்சகத்தில் வாங்கிய சூடு என்றது இன்னொன்று. நேரிலேயே கேட்டேன். காரணமெல்லாம் ஒன்றுமில்லை, கேட்கத் தோன்றுகிறது, கேட்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் கணவர் படகு எஞ்ஜின் மெக்கானிக். எங்கள் ஜெனரேட்டரைப் பார்க்க வந்தவர், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணு பாக்கப் போனப்பவே கேட்டுது சார். காப்பியக் குடுத்துட்டு, இந்தச் சட்டை யாருதுன்னுது. கை நீளமா இருந்துச்சு, என் மச்சானுது. நான் உண்மையச் சொல்லிட்டேன். அதனாலதான் கட்டிக்கினேன்னு இன்னைக்கும் சொல்லுது."

வகுப்பில் நான் எப்போதும் ஒரு மாமியார் ஜோக்கோடு ஆரம்பிப்பேன். ஒருநாள் ஜோக் பாதியில் இருக்கும்போது கடைசி வரிசையில் மேடத்தின் கை மேலே போனது. எனக்குத் தெரியும் கேள்வி என்னவென்று. வேறு வழியில்லாமல், இது திண்டிவனம் பஸ்ஸில் ஒருத்தர் சொல்லக் கேட்டது, முடிவு வருவதற்குள் அவர் இறங்கிவிட்டார், அதனால் முடிவு மட்டும் என்னுது என்றேன். உப்பளத்துப் பெண்கள் ஜோக்குக்குச் சிரித்ததைவிட அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் ஜோக்கின் சொந்தக்காரரைச் சொல்லிவிட்டே சிரிக்க வைத்தேன். மேடத்திடம் இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

நெட் கைவிட்டபின் நான் புத்திசாலித்தனமாக வேறு வழி பிடித்தேன். உப்பளம், பெண், கூடை என்று கம்ப்யூட்டரில் நாலு வார்த்தை அடித்தால் அதுவே படம் போட்டுத் தருகிறதே, அதில் ஒன்றைச் செய்துகொண்டு போய் நீட்டினேன். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன், இது யாருதும் இல்லை மேடம், மெஷின் போட்டது என்று. மெஷின் யார் யார் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டதோ என்று முனகியபடி அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். உப்புக் குவியல் இமயமலை மாதிரி இருந்தது. அந்தப் பெண் பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

"சரி சார். கையில ஆறாவதா ஒரு விரல் இருக்குதே, அது யாருது?" என்றார்.

இப்படியே போனால் வேலை எப்படி நடக்கும்? புத்தகம் நகரவே இல்லை. எங்கள் மையத்தின் டைரக்டர் சார் தவித்தார். எங்களுக்கு நிதி கொடுக்கிற சென்னை நிறுவனம், சொந்தமாகச் செய்த பாடமாக இருக்க வேண்டும், அல்லது அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தது. புத்தகம் அவர்களுக்குத் திருப்தி என்றால்தான் அடுத்த வருஷமும் வகுப்பு உண்டு. இல்லையென்றால் மையத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுக்க வேண்டியதுதான். சித்திரை வெயிலுக்குள் புத்தகம் வராவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று டைரக்டர் மேடத்திடமே சொன்னார். மேடம் தலையாட்டிவிட்டு, புதுச்சேரி கண் டாக்டர் ஒருவருக்கு, அவர் வரைந்த கண் படத்தைப் போட்டுக்கொள்ளலாமா என்று போன் செய்யப் போனார். அந்த டாக்டரை இதுவரை யாருமே கேட்டதில்லையாம், எல்லோரும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். சந்தோஷத்தில் படத்தையும் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து அளத்துப் பெண்களுக்குக் கண் பார்த்துவிட்டும் போனார். கேட்டால் கொடுக்கிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி.

ஆனால் புத்தகத்தின் உயிர் அஞ்சலையிடமிருந்துதான் வந்தது. அஞ்சலை உப்பளத்தில் வேலை செய்கிறவர். வகுப்பில் என்னைவிட அதிகம் பேசுவார். அளத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே வெயிலைத் தள்ளிவிடுவார்கள்; குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே. அதற்காக எங்கள் மையம் ஓலைத் தடுப்பு கட்டிக் கொடுத்தது. அப்புறமும் குடிக்க மாட்டேன் என்கிறார்கள். வேலை மும்முரத்தில் மறந்துபோகிறதாம். கடிகாரம் கிடையாது, போன் சோற்றுப் பையோடு வரப்பில் கிடக்கும். அரை மணிக்கு ஒரு தரம் குடியுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க, அஞ்சலை எழுந்தார். நம் அளம் ஈ.சி.ஆர். ரோட்டு ஓரம், பாண்டி பஸ் ஒன்று போனால் ஒரு டம்ளர், நாம் மறந்தாலும் பஸ் மறக்காது என்றார். மறுநாளிலிருந்து அளம் முழுக்க அதுதான் சட்டம். பஸ் தலை தெரிந்ததும் கூடையை இறக்கிவிட்டு வரிசையாகக் குடிப்பார்கள். டிரைவர்கள் ஹாரன் அடிக்கவும் ஆரம்பித்தார்கள்.

அதையே முதல் பாடமாக வைப்பது என்று முடிவானதும் மேடம் அளத்துக்கே போய் அஞ்சலையிடம் அனுமதி கேட்டார்.

"பஸ்ஸு கவர்மென்ட்டுது, தண்ணி பானையுது, வாய் என்னுது. இதுல இன்னாம்மா பர்மிஷன் கேக்குற?" என்றார் அஞ்சலை.

சொன்னது நீங்கள், அதைப் புத்தகத்தில் போடக் கேட்கிறேன் என்று மேடம் விளக்கினார். பேர் வருமா என்றார் அஞ்சலை. வரும் என்றதும், கூடையைத் தூக்கிக்கொண்டு, போட்டுக்கோ என்று நடந்துவிட்டார். அடுத்த வருஷம் வகுப்பு நடந்தால் அஞ்சலையும் ஒரு பயிற்சியாளர் என்று டைரக்டர் அறிவித்தார். அஞ்சலை அதை ஊர் முழுக்கச் சொல்லி, ஒரு கைப்பையும் வாங்கிவிட்டார்.

புத்தகம் முடிந்த சந்தோஷத்தில் டைரக்டர் ஒரு காரியம் செய்தார். அட்டையும் பெயர்களும் சேர்க்காத வரைவை, தமிழ்நாட்டுப் பயிற்சியாளர்கள் எல்லோரும் இருக்கிற போன் குரூப்பில் தட்டிவிட்டார். நாலு பேர் பாராட்டட்டுமே என்றார். அன்று மதியம் மேடம் யார் டப்பாவையும் விசாரிக்கவில்லை.

பிறகு சென்னையில் நிதி கொடுப்பவர்களின் கூட்டம். எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய பயிற்சி நிறுவனத்தின் முறை. கழுத்தில் அட்டை தொங்க ஒரு இளைஞர் எழுந்து, தெற்குக் கோடிக் கடற்கரை உப்பளங்களில் தாங்கள் நடத்தும் வகுப்பைத் திரையில் காட்டினார். முதல் படமே எங்கள் புத்தகத்துப் படம். பஸ், வரப்பு, டம்ளர். ‘பாண்டி பஸ் போகும்போதெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீர்’ என்று எங்கள் வரியே ஓடியது. மூலையில் அவர்கள் லோகோ. அடுத்து எங்கள் புத்தகத்தின் புரூஃபைப் புரட்டிய அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரண்டும் ஒன்றாக இருக்கின்றன, யார் யாரைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டார். முதலில் காட்டியது அவர்கள். குரூப்பில் வரைவைத் தட்டிவிட்ட தன் போனை எங்கள் டைரக்டர் பைக்குள் தள்ளினார். எனக்கு அஞ்சலையின் கைப்பைதான் கண்ணில் நின்றது.

மேடம் எழுந்தார். எங்களுடையது என்று அவர் சொல்லவே இல்லை. மிகவும் மரியாதையாக அந்த இளைஞரைப் பார்த்தார்.

"உங்க அளத்துப் பக்கம் பாண்டி பஸ் எத்தனை மணிக்குங்க வருது?"

இளைஞர் திரையைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். காலையில் ஒன்று வரும் என்று நினைக்கிறேன் என்று ஆரம்பித்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஹால் முழுக்கச் சிரிப்பு. அதிகாரி அம்மாளும் சிரித்துவிட்டார். எங்கள் புத்தகம் பாஸ். நான் அங்கேயே எழுந்து கை தட்டினேன்.

ஆனால் மேடம் அதோடு விடவில்லை. டீ இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருந்த அந்த இளைஞரின் மேசைக்குப் போனார். சண்டை பார்க்கலாம் என்று நானும் பின்னால் போனேன். சண்டை இல்லை. மாதக்கணக்கில் செய்ய வேண்டியதை நாலு நாளில் கேட்கிறார்கள், குரூப்பில் இது வந்தது, நன்றாக இருந்தது, எடுத்துவிட்டேன் என்று அவர் குனிந்துகொண்டே சொன்னார். கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே என்றார் மேடம். இப்போதாவது கேளுங்கள், ஆனால் என்னிடம் இல்லை என்று அஞ்சலைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மேசையில் நகர்த்தினார்.

இளைஞர் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

"அங்க பொம்பளைங்க குடிச்சாங்களா?" என்றார் அஞ்சலை.

"என்னம்மா?"

"தண்ணிப்பா. வராத பஸ்ஸச் சொல்லிட்டு வந்திருக்கியே, அதுங்க குடிச்சுதுங்களா, இல்ல பஸ்ஸுக்கு காத்துக்கினு நின்னுதுங்களா?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எப்போதும் கேள்வி கேட்கிற மேடம் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

முதலில் சிரித்தார்கள், அப்புறம் உப்பு லாரி வரும்போது குடிப்பது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள் என்றார் இளைஞர். அப்படியானால் லாரி என்றே போட்டுக்கொள், எடுத்துக்கொள் என்று அஞ்சலை அனுமதி கொடுத்தார். அஞ்சலை என்று உங்கள் பெயரைக் கட்டாயம் போடுகிறேன் என்று இளைஞர் நன்றியோடு சொன்னார்.

"வெறும் அஞ்சலைன்னு போடாதப்பா. மேடம் புக்குல அப்டித்தான் எழுதி வச்சிருக்குது, எனக்குக் காட்டுனப்ப நான் மரியாதைக்கு வாய மூடிக்கினு இருந்தேன். எங்க தெருவுல மூணு அஞ்சலை. அதுல பக்கத்து அளத்துக்காரி அந்த பஸ்ஸு என்னுதுன்னு இப்பவே சொல்லிக்கினு திரியுறா. மு. அஞ்சலைன்னு போடு."

மேடத்தின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். ஊரில் உள்ள உடைமைக்கெல்லாம் ஆள் தேடியவர், தன் புத்தகத்தின் முதல் பாடத்தை மூன்று அஞ்சலைகளுக்கு நடுவில் அநாதையாக விட்டிருந்தார். நான் அடக்க முடியாமல் சிரித்தேன். அவரும் சிரித்தார், வாய்விட்டு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அப்புறம் எழுந்து போய் அச்சகத்துக்குப் போன் செய்து அச்சடிப்பதை நிறுத்தச் சொன்னார்.

சித்திரை பிறப்பதற்குள் புத்தகம் வந்துவிட்டது. முதல் பிரதியை மேடமும் நானும் அளத்துக்குக் கொண்டுபோய் அஞ்சலையிடம் கொடுத்தோம். அவர் பாடத்தைப் படிக்கவில்லை. புத்தகத்தை வாங்கிய கையோடு வரப்பு தாண்டிப் பக்கத்து அளத்துக்குப் போய், அங்கிருந்த அஞ்சலையிடம் ‘மு.’ என்ற எழுத்தின் மேல் விரல் வைத்துக் காட்டினார். அந்த அஞ்சலை விடுவாரா? எழுத்து என்ன எழுத்து, பஸ்ஸை முதலில் பார்த்தது நான்தான் என்று ஆரம்பித்தார். பேச்சு முற்றிக் குரல்கள் ரோடு வரைக்கும் கேட்டன. அதற்குள் ரோட்டில் பாண்டி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இரண்டு அஞ்சலையும் சண்டையை அப்படியே நிறுத்திவிட்டு, பானைக்குப் போய் ஆளுக்கொரு டம்ளர் குடித்தார்கள்.